ஒரு வீட்டுக்கு ஒரே பிஸ்கட்

டெல்டாவில் பழைய வீடுகளின் பரணில் வெண்கல உருளி ஒன்று கவிழ்ந்து கிடக்கும். தீபாவளிக்கு அல்வா கிளறவும் மார்கழியில் அக்காரவடிசல் செய்யவும் இறங்கும். வேலை முடிந்ததும் புளி போட்டுத் தேய்த்து மறுபடி ஏற்றிவிடுவார்கள். இந்த மழைக்காலத்தில் அதற்கு இன்னொரு வேலை கொடுக்கலாம். ஒரு சாணுக்குச் சற்றே கூடிய அகலத்தில், கட்டைவிரல் தடிமனில், வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிஸ்கட்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை டெல்டா வீடுகளைத் தானாகவே ஒரு கூடத்துக்குள் சேர்த்துவிடும். கலெக்டர் லீவு விட்டாரா என்று காலையிலேயே டி.வி. முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள், லீவு என்று தெரிந்ததும் அடுத்துக் கேட்பது தின்பதற்கு என்ன என்றுதான். பஜ்ஜி, போண்டா ஒரு நாள் ஓடும். மூன்றாம் நாள் மழைக்கு வேறு ஏதாவது வேண்டும். செல்போனில் அவர்கள் பார்த்து வைத்திருப்பது, இரும்புச் சட்டி நிறைய வெந்து, நடுவில் இளகி நிற்கும் ராட்சத சாக்லேட் குக்கியை. "நம்ம வீட்ல ஓவன் இல்லையே" என்று அம்மா சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. முடிய வேண்டியதில்லை. ஓவன் இருக்கிற வீட்டிலும் மழை இரவில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

இந்தப் பண்டத்தின் பிறப்பு அமெரிக்காவில். மாசசூசெட்ஸ் மாநிலத்து விட்மன் ஊரில் 'டோல் ஹவுஸ்' என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட், 1930-களின் பிற்பகுதியில் பிஸ்கட் மாவில் சாக்லேட் கட்டியை உடைத்துப் போட்டார். உலகம் முழுக்கச் சுற்றும் சாக்லேட் சிப் குக்கி அங்கிருந்து வந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஆசையும் அந்த நாட்டுக்கே உரியது. 2003 மே மாதம் வட கரோலினாவின் ஃப்ளாட் ராக் ஊரில் 'இம்மாகுலேட் பேக்கிங் கம்பெனி' சுட்ட குக்கியின் குறுக்களவு 101 அடி, எடை 40,000 பவுண்டு. நம் கணக்கில் 18 டன். தஞ்சாவூர்க்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா. அந்த ஒரு குக்கி சுமார் 56 குழி. அரை மா நிலத்தை அடைத்துக்கொண்டு, மிச்சத்தில் வரப்பும் போட்டிருக்கும்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். 25 சென்டிமீட்டர் தட்டு போதும். கடையில் வாங்கும் 7 சென்டிமீட்டர் பிஸ்கட்டுகள் பன்னிரண்டு பதின்மூன்று சேர்ந்த பரப்பு அது. எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

தணல் மேலேயும் வேண்டும்

ஓவன் என்பது என்ன? நாலா பக்கமும் சூடு சூழ்ந்த ஒரு மூடிய பெட்டி. அடுப்பில் வைத்த பாத்திரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், அடுப்பில் சூடு கீழிருந்து மட்டும் வருகிறது என்பதுதான். அதனால் அடி கருகும், மேல்பக்கம் வெளுத்துக் கிடக்கும். இந்தச் சிக்கலை நம் ஊர்ச் சமையல் எப்போதோ தீர்த்துவிட்டது. பிரியாணிக்குத் தம் போடும் பண்டாரி தேக்சாவின் மூடியில் தணலை அள்ளிக் கொட்டுகிறாரே, அதுதான் தீர்வு. கீழே கொஞ்சம் தணல், மேலே கொஞ்சம் தணல்.

தமிழ் முஸ்லிம் வீடுகளின் தம்மடையும் இதே முறையில் வெந்ததுதான். ரவை, பால், முட்டை, சர்க்கரை, நெய் எல்லாம் சேர்ந்து மேல்பக்கம் செம்பழுப்பாகப் பொருக்குத் தட்டி நிற்கும் அந்தப் பண்டத்தை ஒரு முறை தின்றவர்கள், நமக்கு பேக்கிங் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். ஒரே தட்டாகச் சுட்டு, வில்லை போட்டுப் பங்கு வைப்பதுதான் அதன் வழக்கம். ராட்சத குக்கிக்கு நம் பக்கத்தில் இதைவிட நெருங்கிய உறவு கிடையாது.

இன்னொரு உறவு தவலை அடை. தஞ்சாவூர்ச் சமையலின் சொந்தச் சரக்கு. அரிசியும் பருப்புகளும் ரவையாக உடைபட்டு, தாளித்த கொதிநீரில் தேங்காயோடு உப்புமா மாதிரி வெந்து, பிறகு தடிமனாகத் தட்டப்பட்டு, அடிகனத்த பாத்திரத்தில் எண்ணெய் விட்டு மூடி போட்டு மெல்லச் சிவக்க வேண்டும். மெல்லிய தோசைக்கல்லில் தீயைத் தூக்கி வைத்துச் சுட்டால் அது தவலை அடை இல்லை, வெறும் அடை. வெளியே மொறுமொறு, உள்ளே பொதபொத. குக்கி சுடுகிறவர்கள் தலைகீழாக நின்று தேடுவதும் இந்த இரண்டையும் ஒன்றாகத்தான்.

ஐரோப்பிய அடுக்களையும் தஞ்சாவூருக்கு நேற்று வந்ததல்ல. ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸிடம் பாடம் கேட்ட இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தார். அவர் காலத்து அரண்மனைச் சமையல் குறிப்புகளை 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்ற பெயரில் சரஸ்வதி மகால் நூலகம் அச்சிட்டிருக்கிறது. மராட்டியச் சமையலுக்குப் பக்கத்திலேயே ஆங்கிலச் சமையலுக்கும் அதில் இடம் உண்டு. கடலோரத்தில் கதை இன்னும் பழையது. 1620-இல் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் 1845-இல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் நாட்டு வெண்ணெய் பிஸ்கட் இன்று கூத்தாநல்லூர் வீடுகளுக்குத் துபாய், சிங்கப்பூர் வழியாக நீலத் தகர டப்பாவில் வந்து இறங்குகிறது. பிஸ்கட் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும். டப்பா மட்டும் ஊசியும் நூலும் பொத்தானும் நிரம்பி இருபது வருஷம் அலமாரியில் இருக்கும்.

மாவும் வெல்லமும்

இனி அளவு. மைதாவோ சலித்த கோதுமை மாவோ 200 கிராம், வறுத்த பச்சரிசி மாவு 80 கிராம், வெண்ணெய் 150 கிராம், நாட்டுச்சர்க்கரை அல்லது பொடித்த அச்சு வெல்லம் 150 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், ஆப்பசோடா அரை டீஸ்பூன், முட்டை ஒன்று. முட்டை சேராத வீட்டில் நாலு டேபிள்ஸ்பூன் பால். ஏலம், சுக்குத் தூள் கொஞ்சம். 120 கிராம் சாக்லேட் துண்டு, 60 கிராம் உடைத்த முந்திரி. டார்க் சாக்லேட்டாக இருந்தால் நல்லது. வெல்லத்தோடு பால் சாக்லேட்டும் சேர்ந்தால் திகட்டும்.

நெல் விளைகிற ஊரில் முழுக்க அரிசி மாவிலேயே செய்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் பெரிய பிஸ்கட் தூக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கோதுமையில் இருக்கிற குளூட்டன் அரிசியில் இல்லை. பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. அரிசிக்கு வேறொரு குணமும் உண்டு. மாச்சத்து வேக நிறையத் தண்ணீர் வேண்டும். இட்லியிலும் இடியாப்பத்திலும் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பிஸ்கட் மாவில் இருக்கும் சொற்ப ஈரத்தைச் சர்க்கரையே பிடுங்கிக்கொள்ளும். அதனால் பச்சை மாவைப் போட்டால் வெந்த பிறகும் வாயில் மாவு வாடை அடிக்கும், பல்லில் நறநறக்கும். இடியாப்பத்துக்கு வறுப்பது போல முதலிலேயே வறுத்துவிட்டால் வாடை போய்விடும். மிஞ்சுவது ஓரத்தில் கேட்கும் அந்த மொறுக்கு மட்டும்தான். அதற்காகத்தான் 80 கிராம்.

எந்த அரிசி? 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்கள்தான் டெல்டாவின் அன்றாடச் சோறு, குறுவைக்கு ஏ.டி.டி. 43, இட்லிக்கு ஏ.டி.டி. 37 என்று விவசாயிகள் எண்ணைச் சொல்லியே பேசுவார்கள். பிஸ்கட்டுக்கு வீட்டில் இருக்கிற எந்தப் பச்சரிசியும் போதும். திருத்துறைப்பூண்டியில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமனின் புண்ணியத்தில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி எல்லாம் இன்று கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. கவுனி மாவில் செய்தால் நிறம் அபாரமாக இருக்கும், சோடாவில் கை நீளாதவரை. அதன் கருஞ்சிவப்புச் சாயம் காரம் பட்டால் நீலச்சாம்பலாக மாறிவிடும். சிமென்ட் நிறத்தில் பிஸ்கட்டை யார் தின்பார்கள்? இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கவுனி பிஸ்கட் என்றால் சர்க்கரை ஏறாது என்று சொல்லி விற்கிறவர்களை நம்ப வேண்டாம். மேலே எழுதிய 200 கிராம் இனிப்பு அதிலும் அப்படியேதான் இருக்கிறது.

வெல்லத்துக்குப் பாபநாசம் தாலுகா வீரமாங்குடி பெயர் பெற்றது. கரும்பு வெட்டு காலத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் போனால் வெல்லம் காய்ச்சும் வாசனை பஸ்ஸுக்குள் வரும். வெறும் வெள்ளைச் சர்க்கரை பிஸ்கட்டை விறைப்பாக்கும். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இனம். அதனால் நடுப்பகுதி மறுநாள் வரை மெத்தென்று இருக்கும். அதன் மெல்லிய புளிப்பு சோடாவையும் கிளப்பிவிடும்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடுகிறவர்கள் 150 கிராமைக் குறைத்து 120 ஆக்க வேண்டும். வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது, நெய்யில் இல்லை. நெய் போட்டது பேக்கரி நெய் பிஸ்கட் மாதிரி மணல்மணலாகக் கரையும். கடித்து இழுக்கிற பதம் வேண்டுமென்றால் வெண்ணெய்தான்.

முந்திரியோடு தேங்காய்த் துருவலும் வறுத்துப் போடலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணி என்றாலே தேங்காய்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அங்கே தோப்பு தோப்பாக மரங்களைச் சாய்த்துப் போட்டது. அதன் பிறகு நட்ட கன்றுகள் இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கின்றன.

கடைசியாக, மேலே தூவ ஒரு சிட்டிகை கல்லுப்பு. சாக்லேட்டின் கசப்பையும் வெல்லத்தின் இனிப்பையும் பிரித்துக் காட்டுவது அதுதான். வேதாரண்யம் உப்பு என்றால் கூடவே ஒரு கதையும் வரும். 1930 ஏப்ரலில் உப்பு எடுக்க ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்தபோது, அவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். யார் கட்டியது என்று மரத்தைக் கேட்க முடியுமா?

உருளி ஏறுகிறது

வெண்ணெயையும் இரண்டு சர்க்கரையையும் கையாலேயே குழைத்து, முட்டையோ பாலோ சேர்த்து, சலித்த மாவுகளைச் சோடாவோடு கலந்து பிசறுங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போல அழுத்திப் பிசைந்தால் பிஸ்கட் ரப்பராகிவிடும். ஒன்று சேர்ந்ததும் நிறுத்தி, சாக்லேட், முந்திரி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். அரிசி மாவு ஈரத்தைக் குடிக்க அந்த நேரம் கட்டாயம் வேண்டும்.

இப்போது பாத்திரம். உருளி அல்லது அகலமான இரும்புச் சட்டி. அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல். அதன்மேல் ஒரு இரும்பு வளையம். வளையத்தின் மேல் வெண்ணெய் தடவிய தட்டில் மாவு. இரும்புச் சட்டியாக இருந்தால் மணலுக்குப் பதில் கல்லுப்பு போடலாம். காவிரிக் கரையிலேயே இருந்தாலும் இன்று மணல் விற்கிற விலைக்கு உப்பு மலிவு. வெண்கலத்தில் மட்டும் உப்பு வேண்டாம், கறை பிடித்துவிடும். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. பூச்சில் இருக்கும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். தண்ணீர் இல்லாமல் காய்கிற பாத்திரத்தின் அடி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். கும்பகோணம் பாத்திரக் கடைகளில் கேட்டால் எது பூச்சு, எது வார்ப்பு என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சூடான வெண்கலத்தில் தண்ணீர் படக் கூடாது, விரிசல் விடும். குக்கரில் செய்கிறவர்கள் காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றாமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

பாத்திரத்தை மூடிப் பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் காயவிட்டு, தட்டை உள்ளே இறக்கி, தீயைக் குறைத்துவிடுங்கள். கொட்டாங்கச்சித் தணல் கிடைக்கிற வீட்டில், முற்றத்திலோ கொல்லையிலோ வைத்து, அதை மூடியின் மேல் பரப்பலாம். தணலை மூடிய அறைக்குள் கொண்டுவரக் கூடாது, அதிலிருந்து வரும் நச்சுவாயு ஆபத்து. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் கனத்த தோசைக்கல்லை இன்னொரு பர்னரில் நன்றாகக் காய்ச்சி மூடிமேல் வைத்து, ஆற ஆற மாற்றினால் போதும். முப்பத்தைந்து நாற்பது நிமிடம் ஆகும். ஓவன் இருந்தால் 170 டிகிரி, 25 முதல் 30 நிமிடம்.

சின்ன பிஸ்கட்டில் ஓரமும் நடுவும் ஏறக்குறைய ஒன்றாக வேகும். பெரியதில் ஓரம் சிவந்து நிற்கும்போது நடு இன்னும் தளதளவென்று இருக்கும். பயந்து மேலும் அரை மணி விட்டால் ஓரம் ஓடாகிவிடும். நடு லேசாக ஆடும்போதே இறக்கிவிடுங்கள். தட்டின் சூட்டிலேயே அது இறுகும். இருபது நிமிடம் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் பிஸ்கட் கிடைக்காது, அல்வாதான். முழு வேலையிலும் கஷ்டமான கட்டம் இந்த இருபது நிமிடம்தான். சீட்டுக்கட்டோ தாயக்கட்டையோ தயாராக இருக்கட்டும்.

யார் பிட்டுக் கொடுப்பது?

அமெரிக்கக் காணொளிகளில் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு ஸ்பூனால் குத்தித் தோண்டுகிறார்கள். நம் வீடுகளில் இது செல்லாது. ஒருவர் வாயில் வைத்த கரண்டி மறுபடி பாத்திரத்துக்குள் போவதைப் பார்த்தால் அப்பாயி அந்தத் தட்டுப் பக்கமே வர மாட்டார். எச்சில் பார்ப்பதை வெறும் பழம்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஜலதோஷம் சுற்றுகிற மழைக்காலத்தில் அதில் நியாயமும் இருக்கிறது. அதே சமயம் சாதி பார்த்து எச்சில் பேசிய வரலாறும் இந்த மண்ணுக்கு உண்டு என்பதை மறைத்து எழுதவும் முடியாது.

இதே டெல்டாவில் அதிராம்பட்டினம் பக்கம் கல்யாண வீட்டுக்குப் போனால் காட்சி வேறு. சகன் என்ற பெரிய தாம்பாளத்தைச் சுற்றி மூன்று நாலு பேர் உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் முன்பின் தெரியாதவராகக்கூட இருக்கலாம். கறித்துண்டை அவர் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. ஒரு தட்டுக்குள்ளேயே எல்லை தெரிந்து சாப்பிடும் இந்தப் பழக்கம் ராட்சத பிஸ்கட்டுக்கு அப்படியே பொருந்தும்.

மற்ற வீடுகளில் நிலாச்சோறு முறை. மொட்டை மாடியிலோ முற்றத்திலோ பிள்ளைகள் வட்டமாகக் கை நீட்ட, ஒருவர் மட்டும் பிசைந்து உருட்டிப் போடுவார். என் ஓட்டு இதற்குத்தான். பிஸ்கட்டைக் கத்தியால் வெட்டினால் பிள்ளைகள் ஸ்கேல் எடுத்து அளப்பார்கள். அப்பாயி கையால் பிட்டுக் கொடுத்தால் துண்டு கோணல்மாணலாக வரும்; பெரிசு யாருக்கு, சிறிசு யாருக்கு என்ற வழக்கு அங்கேயே எழுந்து அங்கேயே அடங்கும். அப்பாயியின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. சண்டை வரப்போவது ஓரமா நடுவா என்பதில்தான். பல் உள்ளவர்களுக்கு ஓரம், இல்லாதவர்களுக்கு நடு என்று பிரித்தால் மூன்று தலைமுறை இருக்கும் வீட்டில் கணக்கு ஓரளவு நேராகிவிடும்.

கூடவே என்ன? பிள்ளைகளுக்கு வெனிலா ஐஸ்கிரீம் ஒரு உருண்டை, சூடு ஆறுவதற்குள் மேலே. பெரியவர்களுக்கு இரண்டாம் டிக்காஷனில் அல்லாமல் முதல் டிக்காஷனில் ஒரு காபி, சர்க்கரை குறைவாக. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்த இனிப்போடு டீ குடிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆச்சரியப்படுகிறேன்.

எல்லா மழை இரவும் இதற்குத் தோதல்ல. சம்பா பயிர் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்க, வடிகால் திறந்தார்களா என்று டார்ச்சோடு வயலுக்குப் போன ஆள் திரும்பாத வீட்டில் யாரும் உருளி இறக்க மாட்டார்கள். மழை விட்டுத் தண்ணீர் வடிந்த பிறகு வரும் ஞாயிறு இன்னும் நல்ல நாள். அன்றைக்கு எல்லோருக்கும் பசியும் இருக்கும், பேசவும் நிறைய இருக்கும்.

மீந்தால் எவர்சில்வர் டப்பாவில் மூடி வையுங்கள். வெல்லம் போட்டது என்பதால் மழைக் காற்றுக்குச் சீக்கிரம் நமுத்துவிடும், எறும்பும் வரும். மறுநாள் தோசைக்கல்லைச் சிறுதீயில் வைத்து, மூடி போட்டு இரண்டு நிமிடம் காட்டினால் ஓரம் மறுபடி மொறுக்கும். உதிர்ந்த தூளை எறிய வேண்டாம். காய்ச்சிய பாலில் இரண்டு ஸ்பூன் கலந்து கொடுத்தால், பால் என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளைகூடத் தம்ளரைக் கவிழ்த்துக் குடித்துவிடும்.